முப்பத்தொரு தாள்

இன்னும் முப்பத்தேழு நிமிடம் இருக்கிறது. அதற்குள் இந்த முப்பத்தொரு பேரும் எழுதி முடித்துவிடுவார்கள், நேற்று இதே வகுப்பில், இதே பாடவேளையில், நான் பொன்னிசக்கியை அடித்தேனா இல்லையா என்று. எழுதச் சொன்னவர் தலைமையாசிரியை. எழுதுகிறவர்களுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் நான். இது முறையில்லை என்று காலையில் அவரிடம் சொல்ல வாயெடுத்தேன்; அவரோ, இது நீங்கள் கொண்டுவந்த பழக்கம்தானே, நீங்கள் இல்லாமல் வேறு யார் வாங்கிப் படிப்பது என்று சொல்லிவிட்டு வருகைப் பதிவேட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். நேற்று மாலை பொன்னிசக்கியின் அம்மா தையல் கம்பெனியிலிருந்து வீடு திரும்பிய கையோடு பள்ளிக்கூட வாசலுக்கு வந்திருக்கிறாள். பிள்ளைக்குக் கன்னம் வீங்கியிருக்கிறது, இடது காதில் ஏதோ இரைகிறதாம், யார் அடித்தது என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள், வயலட் டீச்சர்தான் என்று தெருவில் ஒரு பையன் சொன்னான் என்று அவள் சொல்லியிருக்கிறாள். சத்தம் போடவில்லை. இன்று இரண்டரை மணிக்கு மறுபடியும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். இதையெல்லாம் நேற்று மாலையே போனில் எனக்குச் சொன்ன தலைமையாசிரியை கடைசியாகச் சொன்னது இது: "பிள்ளைய எல்லாம் எழுதட்டும் டீச்சர். எல்லாரும் இல்லன்னு எழுதிட்டா இல்லதான். நான் ஃபைல்ல வச்சிருதேன். இன்னும் பதினாறு மாசத்துல ரிட்டயர் ஆகப் போறிய." அடித்தீர்களா என்று அவர் கேட்கவில்லை. ஒரு முறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நேற்று இரவு படுக்கப் போகும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். காலையில் பல் துலக்கும்போது அது அவ்வளவு உறுதியாக இல்லை. கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை ஒருவருக்கு உண்டா என்று பேருந்தில் வரும்போது யோசித்தேன். பிறகு, இப்படி ஒரு கேள்வியைக் கட்டி எழுப்பியதே பதில் சொல்லாமல் இருப்பதற்காகத்தான் என்றும் யோசித்தேன். பிறகு முருகன்குறிச்சி நிறுத்தம் வந்துவிட்டது.

தாள் எழுதும் பழக்கம் என்னுடையதுதான், அதில் ஐயமில்லை. ஒன்பது ஆண்டுகளாக நடக்கிறது. வகுப்பில் இரண்டு பேர் அடித்துக்கொண்டால் இருவரையும் கூப்பிட்டு விசாரிக்க மாட்டேன். பார்த்தவர்கள், பார்க்காதவர்கள், அடித்தவன், அடிபட்டவன் எல்லோரும் ஆளுக்குக் கால் தாள் எடுத்து நடந்ததை எழுத வேண்டும். எழுதுகிறவர் தன் பெயர் போடக் கூடாது. அவன் கெட்டவன், அவள் திமிர் பிடித்தவள் என்று எழுதக் கூடாது. கண் பார்த்ததும் காது கேட்டதும் மட்டுமே. எழுதி முடிக்கும்போது பாதிக் கோபம் கை வழியாக இறங்கிவிடும் என்பது ஒரு பயன். மற்றொரு பயனை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. தாள்களை மேசையில் பக்கம் பக்கமாகப் பரப்பி, எது எதில் ஒத்துப்போகிறது, எது எங்கே விலகுகிறது என்று பார்ப்பது எனக்கே ஒரு பழக்கமாகிவிட்டது. போன ஆண்டு ஜாமெட்ரி பெட்டிச் சண்டைக்கு இருபத்தாறு தாள் வந்தது. பதினொன்றில் ஆல்ட்ரின் முதலில் தள்ளினான்; எட்டில் மாடசாமி முதலில் தள்ளினான்; நான்கில் ஒரே நேரத்தில் இருவரும். இரண்டு தாளில் சண்டையே இல்லை, கொட்டிப்போன சாம்பார் சாதம் மட்டும் இருந்தது. ஒன்றில் எழுதியவளின் கடைவாய்ப் பல் வலி இருந்தது; அவள் அன்று வேறு எதையும் பார்க்கவில்லை. பல் வலித் தாளை இன்றும் வைத்திருக்கிறேன், அது பொய்யே கலக்காத சாட்சியம் என்பதால். உண்மையில் நடந்த ஒன்றை ஒருவர் சொன்னதுபோல் மற்றவர் சொல்வதில்லை. ஒருத்திக்கு அடித்த கை வலது கை, அடுத்தவளுக்கு இடது கை, மூன்றாமவனுக்குக் கையே தெரியவில்லை, கீழே விழுந்த தண்ணீர்ப் பாட்டில் உருண்டுபோனதுதான் தெரிந்தது. இந்த வேறுபாடுகளுக்கு நடுவே அசையாமல் நிற்கிற ஒன்றைத் தேடினால் அது கிடைக்கும், அநேகமாகக் கிடைக்கும். இன்று இந்தத் தாள்கள் எந்த இடத்தில் அசையாமல் நிற்கும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். அறை பளாரென்று விழுந்தது, எல்லோருக்கும் கேட்டிருக்கும். என் கைகூட எரிந்தது. இப்போது மடியில் அந்தக் கையை மற்றக் கையால் மூடி வைத்திருக்கிறேன், யாரோ பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல. எடுத்து மேசைமேல் வைக்கிறேன். மேசைமேல் அது இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

இரண்டாவது வரிசையில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருக்கிறாள். தலை குனிந்திருக்கிறது. கன்னம் எனக்குத் தெரியாத பக்கம். சற்று முன் கை காதுக்குப் போயிற்று. கம்மல் திருகை முடுக்கத்தான் போயிருக்கும், பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் உண்டு. அல்லது இரைச்சலாக இருக்கலாம். காதுக்குள் சவ்வு என்று ஒன்று உண்டு, அது வெற்றிலையைவிட மெல்லியது என்று அறிவியல் பாடத்தில் நானே படம் போட்டுச் சொல்லியிருக்கிறேன். கோபம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிற வகுப்பில் இது நடந்தது என்பதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருப்பேன், வேறொருத்தியாக இருந்தால். இரண்டு ஆண்டுக்கு முன் இதற்கான மாவட்டப் பயிற்சிக்கு என்னை ஐந்து நாள் அனுப்பினார்கள். மண்டபத்தில் எரிமலை வரைந்த சார்ட் தொங்கியது; கோபம் உள்ளே எப்படிப் பொங்கி ஏறுகிறது என்று பயிற்சியாளர் விளக்கிக்கொண்டிருந்தபோதே ஃபேனுக்கு நேரே இருந்த நாற்காலிக்காக இரண்டு ஆசிரியர்கள் கையை ஓங்கிக்கொண்டு நின்றார்கள். மத்தியானம் வடை சாப்பிடும்போது அவர்களே அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நான் மட்டும் ஐந்து நாளும் குறிப்பெடுத்தேன். மூக்கு வழியாக இழு, நான்கு எண்ணும்வரை நிறுத்து, வாய் வழியாக மெதுவாக விடு, பத்து வரை எண்ணு, அதற்குப் பிறகு பேசு. வகுப்புக்கு வந்து அப்படியே சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகள் நன்றாகவே செய்தார்கள். சண்டைகள் குறைந்தன, மற்ற ஆசிரியர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள், ஆறாம் வகுப்பா இது, கோயில் மாதிரி இருக்கிறதே என்று கணக்கு சார் சொன்னார். நேற்று எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே எப்போதும் சொல்வதைச் சொன்னேன். மெதுவா, மெதுவா, அவசரமே இல்ல, யாரும் யாரையும் பாக்க வேண்டாம். என் முதுகுக்குப் பின்னால் அதே குரல் கேட்டது. மெதுவா. மெதுவா. அவசரமே இல்ல. சொல் சொல்லாக, நிறுத்தி நிறுத்தி, எனக்கு மூச்சு முட்டும் இடத்தில் மூச்சு முட்டி. வகுப்பு முழுவதும் சிரித்தது. நான் திரும்பினேன். பொன்னிசக்கி கண்ணைத் திறந்து, பழிப்புக் காட்டும்போது பிள்ளைகளுக்கு வருமே அந்த ஒளியோடு என்னைப் பார்த்தாள், டீச்சரும் சிரிப்பார்கள் என்று நம்பிய முகம் அது, அந்த முகத்தில்தான் விழுந்தது. எண்ணவில்லை. ஒன்றுகூட எண்ணவில்லை.

சிரித்ததற்காக அடித்தேனா? பிள்ளைகள் சிரிப்பது எனக்குப் புதிதில்லை. முப்பத்து மூன்று ஆண்டில் என் நடையை, என் கண்ணாடியை, நான் சாக்பீஸ் உடைக்கிற விதத்தை எத்தனையோ பேர் செய்து காட்டியிருக்கிறார்கள், நான் கைதட்டியிருக்கிறேன். வயதுக்கு மரியாதை தரவில்லை என்பதற்காகவா? இல்லை. அந்தக் குரலில் ஏதோ இருந்தது. இரவெல்லாம் அதை நினைவில் ஓட்டி ஓட்டிப் பார்த்தேன், பாதியிலேயே அறுந்து போகிறது. 'அவசரமே இல்ல' என்ற இடத்தில் என் மனம் அதைத் தொடர்ந்து கேட்க மறுக்கிறது. அதற்குப் பதிலாக அம்மா வருகிறாள். அம்மா ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. கோபம் வந்தால் சமையலறையில் எல்லாவற்றையும் மிக மெதுவாக வைப்பாள். டம்ளரைத் தரையில் வைக்கும்போது ஓசையே வராது. ஓசை வராததை நாங்கள் நான்கு பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருப்போம். பாத்திரம் உருண்டால், கரண்டி விழுந்தால் எங்களுக்கு மூச்சு வரும். சாப்பிட வாங்க என்று தேன் மாதிரிக் கூப்பிடுவாள், அப்போது அப்பாகூட எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். அவளைப்போல இருக்கக் கூடாது என்று நினைத்துத்தான் வளர்ந்தேன், எல்லாப் பெண்களும் நினைப்பதுபோல. நான் அவளைப்போல இல்லை. நான் பிள்ளைகளை அதட்டாதவள். கம்பு வைத்துக்கொள்ளாதவள். மெதுவாகப் பேசுகிறவள். இங்கே மனம் மறுபடியும் நின்றுவிடுகிறது, ரெக்கார்டில் ஊசி சிக்கிக்கொள்வதுபோல, மெதுவாகப் பேசுகிறவள், மெதுவாகப் பேசுகிறவள். இரண்டு ஃபேனில் ஒன்றுதான் ஓடுகிறது. மத்தியான முட்டையின் வாடை வகுப்பில் இன்னும் இருக்கிறது. யாரோ பேனாவை உதறுகிறார்கள். இவர்கள் ஏன் இவ்வளவு அமைதியாக எழுதுகிறார்கள்? தாள் எழுதும் நாளில் வகுப்பு சந்தைபோல இருக்கும். டீச்சர், கெட்ட வார்த்தை சொன்னத அப்படியே எழுதலாமா. டீச்சர், பாக்கல ஆனா கேட்டேன், எழுதலாமா. டீச்சர், இவன் என்னதப் பாத்து எழுதுதான். இன்று ஒரு கேள்வியும் இல்லை. ஒருவரும் மேலே பார்க்கவில்லை. எழுதி முடித்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு, நான் சொல்லிக்கொடுத்ததுபோல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை; எல்லோரும் முடித்துவிட்டார்கள். வகுப்புத் தலைவி ஸ்டெஃபி எழுந்து வரிசை வரிசையாக வாங்கி, ஓரங்களைத் தட்டி ஒழுங்குபடுத்தி, கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, என்னைப் பார்த்துப் பெரிய மனுஷிபோலத் தலையை ஆட்டிவிட்டுப் போகிறாள்.

முதல் தாள். "டீச்சர் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். நாங்கள் அனைவரும் அமைதியாகச் செய்தோம். யாரும் யாரையும் அடிக்கவில்லை." இரண்டாவது தாள். டீச்சர் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். மூன்றாவது. நாங்கள் அனைவரும் அமைதியாக. நான்காவதை, ஐந்தாவதைப் படிக்கவில்லை, புரட்டினேன், பன்னிரண்டாவதில் நிறுத்தினேன், மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். முப்பத்தொன்று. எல்லாவற்றிலும் மூன்றே வாக்கியம், அதே மூன்று. உருண்டுபோன பாட்டில் இல்லை. சாம்பார் இல்லை. பல் வலி இல்லை. பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவதில் கெட்டிக்காரனான பிச்சைராஜ், சண்டைக்கு நடுவே பல்லி விழுந்ததைக்கூட விடாமல் எழுதுகிறவன், அவனும் இதே மூன்று வாக்கியம். தாள் எழுத வேண்டியிருக்கும் என்று தெரிந்து காலையில் வழிபாட்டுக்கு முன்பே பேசி வைத்திருப்பார்கள்; ஸ்டெஃபி சொல்லச் சொல்ல மனப்பாடம் செய்திருப்பார்கள். என்னைக் காப்பாற்றுவதற்காக. முதலில் அது எனக்கு அன்பாகத்தான் பட்டது, அதை மறைக்க மாட்டேன். எடுத்துக்கொண்டு போய்த் தலைமையாசிரியையின் மேசையில் வைத்தால் முடிந்தது. முப்பத்தொரு சாட்சி. பொன்னிசக்கியின் அம்மா பார்த்துவிட்டு, என் பிள்ளைதான் பொய் சொல்லுகிறாள் போல என்று வீட்டுக்குப் போய்விடுவாள். இல்லை, அவள் பிள்ளை ஒன்றுமே சொல்லவில்லை. அவள் பிள்ளை எழுதிய தாளும் இதற்குள்தான் இருக்கிறது. தேடினேன். பெயர் இல்லாவிட்டாலும் கையெழுத்து எனக்குத் தெரியும், 'ம'வை அவள் படகுபோல அகலமாகப் போடுவாள். இருபத்து மூன்றாவது. யாரும் யாரையும் அடிக்கவில்லை. பேனாவை அவ்வளவு அழுத்தியிருக்கிறாள், எழுத்து பின்பக்கம் தடவினால் விரலுக்குத் தெரிகிறது. கடைசிப் புள்ளி வைத்த இடத்தில் தாள் ஓட்டையாகிவிட்டது. விரலை அந்த ஓட்டையில் வைத்தபடி இருந்தேன். அடிபட்டவளே அடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாள். எவ்வளவு நல்ல மாணவி. மூச்சை இழுத்து, நிறுத்தி, விட்டு, எண்ணி, வாயை மூடி, அம்மா கேட்டும் வாயைத் திறக்காமல். இதைத்தான் நான் இரண்டு ஆண்டாகச் சொல்லிக்கொடுத்தேன். கோயில் மாதிரி. எண்ணி முடித்த பிறகும் கோபம் போகாவிட்டால், அது போகவே கூடாத கோபமாக இருந்தால் என்ன செய்வது என்று எந்தக் குறிப்பிலும் நான் எழுதிக்கொள்ளவில்லை. அந்த நேரத்தில்தான், தேடாமலே, நேற்றைய குரல் அறுபடாமல் கடைசிவரை ஓடியது. மெதுவா. மெதுவா. அவசரமே இல்ல. யாரும் யாரையும் பாக்க வேண்டாம். பற்களுக்கு நடுவிலிருந்து வருகிற குரல். தேன் தடவிய குரல். பதினொரு வயதுப் பிள்ளை அதில் எதையும் கூட்டவில்லை, இருந்ததை அப்படியே எடுத்து எனக்குக் காட்டினாள், ஓசையில்லாமல் டம்ளர் வைக்கிற ஒருத்தியை.

எழுந்து நின்றேன். நேற்று நான் பொன்னிசக்கியை அடித்தேன் என்று சொன்னேன். சொல்லும்போது என் குரல் எப்படி இருக்கிறது என்று கவனித்துக்கொண்டே சொன்னேன், எந்தத் தேனும் இல்லை, கரகரவென்று இருந்தது. ஸ்டெஃபி உடனே எழுந்தாள், கரும்பலகையில் நான் தப்பாக எழுதிவிட்டால் திருத்துவாளே, அந்தப் பணிவோடு. "இல்ல டீச்சர், நீங்க அடிக்கல. நாங்க பேசி வச்சிட்டோம்." பின் வரிசையிலிருந்து பிச்சைராஜ், ஹெச்.எம். டீச்சர் கேட்டாலும் அப்படித்தான் சொல்லப்போவதாகவும், ஏழாம் வகுப்புக்காரர்களிடம்கூடச் சொல்லியாகிவிட்டது என்றும் தைரியம் சொன்னான். பொன்னிசக்கியைக் கேட்டீர்களா என்றேன். அவளும் சரி என்றுவிட்டாள் என்றார்கள். ஸ்டெஃபி இன்னும் சொன்னாள், காலையில் முதலில் அவள் அப்படி எழுத மாட்டேன் என்றாள், பத்து எண்ணச் சொன்னோம், எண்ணினாள், பிறகு சம்மதித்தாள் என்று. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பெருமை இருந்தது. நான் சொல்லிக்கொடுத்ததை அவள் சரியாகச் செய்திருந்தாள். வரிசைகளுக்கு நடுவே நடந்து ஜன்னலோரம் போனேன். கன்னம் தெரிந்தது. மூன்று விரல், நான் நினைத்ததைவிடத் தெளிவாக. அவள் எழுந்து நின்று ஜன்னல் கம்பியைப் பார்த்தாள். தோள் மெல்ல உயர்ந்தது, மூக்கு வழியாக இழுக்கிறாள், நிறுத்துகிறாள், நான் அறியாமலேயே நானும் உள்ளே எண்ணிக்கொண்டிருந்தேன், ஒன்று, இரண்டு, மூன்று, பிறகு, எண்ணாதே பிள்ளே, கோபமா இருந்தா கோபமாவே பேசு என்றேன். இதைச் சொன்னது நானா என்று அவள் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய கீழுதடு ஒரு பக்கமாகக் கோணிற்று. அழப்போகிறாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"எதுக்கு டீச்சர் அடிச்சிய? எல்லாருந்தான சிரிச்சாவ. நீங்க பேசுத மாதிரிதான நான் பேசுனேன்." சத்தம் பெரிதாக இருந்தது, இந்த அறையில் இரண்டு ஆண்டாகக் கேட்காத சத்தம், பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். எனக்கு வந்தது பயம்தான், வேறு பெயர் அதற்கு இல்லை. அவள் என்ன சொல்லிவிடுவாளோ என்ற பயமும், பாதியில் நிறுத்திவிடுவாளோ என்ற பயமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. ஆமாம், நான் பேசுவதுபோலவே பேசினாய், அதனால்தான் என்றேன். என் பேச்சுக்குள் நான் ஒளித்து வைத்திருந்த கோபம் எனக்கே கேட்டதில்லை, அது உனக்குக் கேட்டிருக்கிறது, எல்லோர் முன்னாலும் அதை எடுத்து வைத்துவிட்டாய், பொறுக்க முடியவில்லை என்றேன். இந்தப் பதில் அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. பாதி புரிந்திருக்கலாம். புருவத்தைச் சுருக்கி அதை யோசித்துப் பார்த்தாள், ஒரு கணக்கைச் சரிபார்ப்பதுபோல. பிறகு அது போதாது என்று தள்ளிவிட்டாள். "அதுக்கு அடிப்பாவளா? எனக்கு ராத்திரி முழுக்கக் காது இரைஞ்சுது. எங்கம்மாட்ட உங்க பேர நான் சொல்லவே இல்ல. நீங்க வந்து எங்கிட்டப் பேசுவியன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். காலையிலயும் பேசல. சாப்பாட்டு வரிசைலயும் என்னப் பாக்காம போனிய." ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. சாப்பாட்டு வரிசையில் நான் தட்டுகளை எண்ணுவதுபோல் பாசாங்கு செய்துகொண்டு போனதை அவள் பார்த்திருக்கிறாள். அப்போது வெளியே வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. தலைமையாசிரியை வாசலில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால், கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்க, பொன்னிசக்கியின் அம்மா. இரண்டரைக்குத்தான் வருவதாகச் சொன்னவள், முன்னதாகவே வந்துவிட்டாள். மேசையில் அடுக்கியிருந்த தாள்களைத் தலைமையாசிரியை பார்த்தார், பிறகு நின்றுகொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தார், என்ன சத்தம் இது, உட்காரு என்றார். அவள் உட்காரப் போனாள். முழங்கால் மடங்கிவிட்டது. நான் அவள் தோளைத் தொட்டு நிறுத்தினேன்.

"நான் நேத்து அவள அடிச்சேன் டீச்சர். எதுக்குன்னு கேட்டுக்கிட்டிருக்கா. அவ அம்மாவும் உள்ள வரட்டும். பிள்ள கேட்டு முடிக்கட்டும்."